வந்த நாள் படங்கள்

ஜகதீசன் எதையும் ஒன்றோடு விடுகிற ஆள் இல்லை. ஹைதராபாத் மல்காஜ்கிரியில் அவர் குடியிருந்த வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு. டார்ச் லைட் இரண்டு, குடை இரண்டு, மூக்குக் கண்ணாடி உடைந்தால் மாட்டிக்கொள்ள இன்னொரு கண்ணாடி. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளின் பிரேக்கைக் கழற்றிப் பழுது பார்த்து மாட்டுவதுதான் அவர் வேலை. நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று பிழைப்புக்காகவே கவலைப்பட்டுப் பழகிய மனுஷர், வீட்டில் மட்டும் வேறு மாதிரி இருப்பாரா? "எல்லாத்துக்கும் ஸ்பேர் வெச்சிகீறாரு. பொண்டாட்டிக்கு மட்டும்தான் இன்னும் வெக்கல" என்று அவர் மனைவி காஞ்சனா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

தாத்தா காலத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வேலைக்காக வந்து தங்கிவிட்ட குடும்பம் அவருடையது. பேச்சில் வடாற்காட்டுத் தமிழும் ஹைதராபாத் உருதுவும் கை கோத்துக்கொண்டு வரும். காஞ்சனா ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். குழந்தை இல்லை. டாக்டர், வேண்டுதல், ஊரார் யோசனை என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்து, ஒருநாள் காஞ்சனாதான் சொன்னாள்: "பெத்தாதான் புள்ளையா? எங்கியோ ஒரு கொழந்தை நம்மளுக்காக ஒக்காந்துனு இருந்தா இன்னா பண்றது?" ஜகதீசன் மறுநாளே பாதி நாள் லீவு போட்டுவிட்டு, ஒரு குழந்தைகள் இல்லத்தின் வாசலில் போய் விசாரித்துக்கொண்டு நின்றார்.

காகிதங்கள் எல்லாம் முடிந்து சுபாஸ்ரீ வந்தது 2002-இல், தீபாவளி கழிந்த கையோடு. மூன்று வயது இருக்கலாம் என்று இல்லத்தில் சொன்னார்கள். பிறந்த தேதிகூட அவர்கள் உத்தேசமாகப் போட்டதுதான். ஆட்டோவில் வரும்போது ஒரு செருப்பு எங்கோ விழுந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்று, நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வர மாட்டேன் என்று அழுதாள். அவளுக்குத் தெரிந்தது தெலுங்கு மட்டும். காஞ்சனாவுக்குத் தெரிந்த தெலுங்கு காய்கறிக் கடைக்குத்தான் போதும். வா என்று கெஞ்சுவதற்கு அது போதவில்லை.

அன்றைக்கு அந்த வீட்டு மாடியறையில் வெங்கட் என்கிற பையன் குடியிருந்தான். கரூர்ப் பக்கம். மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அமெரிக்கா போய்விட்டு வந்தபோது ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி வந்திருந்தான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மல்காஜ்கிரியின் எருமை மாடுகளைக்கூட விடாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கீழே குழந்தை அழுகிற சத்தம் கேட்டு ஓடி வந்தவன், என்ன நினைத்தானோ, கேமராவை எடுத்து வரிசையாக அடித்துத் தள்ளினான். அழுகிற குழந்தை, ஒற்றைச் செருப்பு, வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்ட காஞ்சனா, கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் ஜகதீசன். எல்லாமே படமாகிவிட்டது.

அதற்கு முன்னால் சுபாஸ்ரீக்கு என்று ஒரு படமும் வீட்டில் கிடையாது. இல்லத்துக் கோப்பில் ஒட்டியிருந்தது கோப்போடு தங்கிவிட்டது. மற்ற வீடுகளில் குழந்தை பிறந்த ஆஸ்பத்திரிப் படம், தொட்டில் போட்ட படம், மொட்டை போட்ட படம் என்று வரிசையாக இருக்கும். இந்த வீட்டின் ஆல்பம் வாசற்படியில்தான் தொடங்கியது.

குழந்தை வீட்டோடு ஒட்டிக்கொண்டது மெதுவாகத்தான். ஒரு நாள் தண்ணீர் வேண்டும் என்று கேட்கும்போது, அவளாகவே தெலுங்கில் "நான்னா" என்று கூப்பிட்டாள். அதுவரை "அப்பா, அப்பா சொல்லு" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்த காஞ்சனாவைப் பார்த்து ஜகதீசன், "இனிமே அப்பா நக்கோ, வேணாம். எப்டி கூப்ட்டா இன்னா, கூப்டுச்சில்ல" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுத்துத் தரவே மறந்துபோய் நின்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பெற்றோர் தமிழில் கேட்பார்கள், பெண் தெலுங்கில் பதில் சொல்வாள். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

பிறந்த நாள் உத்தேசம் என்பதால், வந்த நாளைத்தான் அவர்கள் கொண்டாடினார்கள். காஞ்சனா சேமியா பாயசம் வைப்பாள். பிறகு மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அன்றைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். வெங்கட்டின் பழைய கம்ப்யூட்டர்தான் அது. அவன் 2004-இல் அமெரிக்காவிலேயே வேலை கிடைத்துக் கிளம்பியபோது, "பாப்பாவுக்கு ஆகட்டுமுங்ணா" என்று விட்டுப் போய்விட்டான். போகும்போது படங்களை இரண்டு சி.டி.யில் எழுதியும் கொடுத்தான்.

"கம்ப்யூட்டரை நம்பீட்டு இருக்காதீங்ணா. எப்ப வேணாலும் படுத்துக்கும். இதுல ஒண்ணு வீட்டுல இருக்கட்டும். இன்னொண்ண வேற எங்கியாச்சும் வெச்சிருங்க. வருசத்துக்கு ஒருக்கா போட்டுப் பாத்துக்கோங்க" என்றான்.

சாஃப்ட்வேர் பையன்கள் எல்லாம் காற்றில் வேலை செய்கிறவர்கள் என்பது அதுவரை ஜகதீசனின் எண்ணம். ஒன்று போனால் இன்னொன்று என்று ஒருவன் தன் வாயால் சொன்னதும் அவருக்கு அவன் மேல் மதிப்பு ஏறிவிட்டது. ஒரு சி.டி.யைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தார். மற்றதை ஒர்க்‌ஷாப்பில் தன் லாக்கரில் வைத்துப் பூட்டினார். வருஷத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொன்னதை மட்டும் அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஒழுங்காக இருக்கிறதை எதற்குக் கழற்றிப் பார்க்க வேண்டும்?

லோத்குண்டாவில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்தான் அந்தப் படங்களின் அருமை வேறு விதமாகத் தெரிந்தது. தூரத்துச் சொந்தமான ஒரு அம்மாள் சுபாஸ்ரீயின் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேரு ஜாடையும் இல்லியே" என்றாள். காஞ்சனா சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டாள். சுபாஸ்ரீக்கு அப்போது ஏழு வயது. தான் எப்படி வந்தவள் என்பதை அவளிடம் ஒருநாளும் மறைத்ததில்லை. இருந்தாலும் அந்த வார்த்தை எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளாகவே கம்ப்யூட்டரைப் போட்டு, வந்த நாள் படங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். தன் அழுகிற முகத்தையும் ஒற்றைச் செருப்பையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். ஜகதீசன் வேலை முடிந்து வந்து கதவோரம் நின்று கவனிப்பார். என்ன தேடுகிறாள் என்று கேட்கத் தோன்றும், கேட்க மாட்டார்.

2008 தீபாவளிக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கரண்ட் போய் வந்து, மறுபடி போய் வந்து, விளையாட்டுக் காட்டியது. கம்ப்யூட்டர் ஒருமுறை உறுமிற்று. உள்ளே டக் டக் என்று ஏதோ தட்டியது. திரையில் வெள்ளை எழுத்து ஒரு வரி வந்து நின்றுகொண்டது. சுபாஸ்ரீ பதறிப்போய்க் கூப்பிட்டாள். அவளுக்குப் பதற்றம் வரக் காரணம் இருந்தது. குழந்தைகள் தினத்துக்கு நாலாம் வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் தன்னுடைய மிகச் சின்ன வயதுப் படம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பலகையில் பெயர் போடாமல் ஒட்டுவார்கள். இது யார் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். வந்த நாள் படத்தைத்தான் கொண்டுபோவது என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள்.

ஜகதீசன் கொஞ்சமும் கலங்கவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. இத்தனை வருஷம் ஸ்பேர் ஸ்பேர் என்று கேலி செய்தவர்களுக்குப் பதில் சொல்கிற நேரம் வந்துவிட்டதல்லவா?

"கைக்கு, ஏன் அழுவுற? ரெண்டு சி.டி. கீது கண்ணு. நான்னா எதுக்குக் கீறேன்?" என்றார்.

சனிக்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, இரண்டு சி.டி.யையும் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்து, செகந்திராபாத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரன் பெயர் சுனில். தாய்மொழி தமிழ்தான், ஆனால் தெலுங்கையும் இந்தியையும் கேட்டுக்கொண்டுதான் அது வெளியே வரும். பெட்டியைத் திறந்து, ஹார்ட் டிஸ்கைக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இது போயிடுச்சி அங்கிள். உள்ளார தட்டுது பாருங்க. இதுல இருந்து ஒண்ணும் வராது."

"பர்வா நை. சி.டி. கீது" என்று ஜகதீசன் கம்பீரமாகச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

சுனில் உறையிலிருந்து ஒன்றை உருவினான். வெளிச்சத்தில் திருப்பினான். அப்புறம் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான்.

"அங்கிள், இது இன்னாது? நடுவுல வட்டமா, செவப்பா?"

"குங்குமம். ஆயுத பூஜைக்கு வெச்சது."

லாலாகுடாவில் வேலை பார்க்கிற குடும்பத்துக்கு ஆயுத பூஜை என்றால் என்ன என்று சுனிலுக்குத் தெரியாதா என்ன? லேத்திலிருந்து சுத்தியல் வரை எல்லாம் குளித்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்கிற நாள் அது. வீட்டுக்கு வந்தால் சைக்கிள், மிக்சி, தையல் மிஷின், ஃபேன் ரெகுலேட்டர் என்று ஒன்று பாக்கி இருக்காது. நமக்கு உழைக்கிறதற்கு நாம் ஒரு நாள் கும்பிடு போட வேண்டாமா என்பார் ஜகதீசன். குழந்தையின் முதல் நாளையே சுமந்துகொண்டிருக்கிற சி.டி.க்கு வைக்காமல் விடுவாரா? காஞ்சனா கல்லில் அரைத்துக் கொடுத்த சந்தனத்தை மோதிர விரலால் தொட்டு ஒரு வட்டம், நடுவில் குங்குமம். வருஷா வருஷம், ஒரு வருஷம் தவறாமல்.

"பளபளன்னு கீற பக்கத்துல கைக்கு வெச்சீங்க அங்கிள்? அங்கதானே எல்லாம் எழுதிருக்கும்!"

"அதானே அதுக்கு மூஞ்சி? எழுத்துப் போட்ட பக்கம் முதுகு இல்லியா? முதுகுல யாரு பொட்டு வெப்பாங்க?"

சுனிலுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "சரி, இது இன்னா கோடு கோடா?"

"காஞ்ச சந்தனம் ஒட்டிக்கும்ல. காட்டன் வேஸ்ட்ல ஒரு சொட்டு கெரசின் தொட்டுத் தொடைச்சேன். நல்லா க்ளீனா வந்துச்சி."

"அங்கிள், இது பிஸ்டன் இல்ல அங்கிள்."

ஜகதீசன் அவசரமாக இரண்டாவது உறையை எடுத்து நீட்டினார். "இது ஒர்க்‌ஷாப் லாக்கர்ல இருந்தது. இதப் பாரு." சுனில் உருவினான். அதே இடத்தில் அதே வட்டம். அதே கோடுகள், இன்னும் கொஞ்சம் அழுத்தமாக.

"இதுக்கும் வெச்சீங்களா?"

"ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வெக்காம வுட்டா எப்டி?" என்றார் ஜகதீசன். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். சுனில் அதற்கப்புறம் கேலி பேசவில்லை. டிரைவில் போட்டுப் பார்த்தான்; அது சுற்றிச் சுற்றி முனகிவிட்டு வெளியே தள்ளியது. இன்னொன்றும் அப்படியே. பாலிஷ் போட்டு மெதுவாக ஓட விட்டுப் பார்க்கிறேன், சில நாள் ஆகும், வந்தால் வரும், வராவிட்டால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றான்.

வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஜகதீசன் ஒரு டெலிபோன் பூத்தில் புகுந்து அமெரிக்காவுக்குப் பேசினார். வெங்கட் தூக்கக் கலக்கத்தில் எடுத்தான். விஷயத்தைக் கேட்டதும் தெளிந்துவிட்டான். "எங்கிட்ட இல்லீங்ணா. அந்தக் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் இருந்துச்சு. சி.டி. ரெண்டு போட்டாச்சுல்லன்னு நானும் எடுத்துக்காம விட்டுட்டனுங்க" என்று அவன் வருத்தப்பட்டான். அந்தச் சி.டி.களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டபோது ஜகதீசன், "பழசாயிடுச்சிப்பா" என்று மட்டும் சொன்னார். வெங்கட்டிடம் உண்மையைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

காஞ்சனாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சமையலறையில், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கீரையை விட்டுவிட்டுத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சந்தனம் அரைச்சது நானுதானே. அதுக்குன்னு நெறைய வேணும்னு கேட்டீங்க. நானும் சிரிச்சினே அரைச்சிக் குடுத்தேன்" என்றாள். "நல்லாயிருக்கணும்னுதான வெச்சோம்."

சுபாஸ்ரீயிடம் சொல்லும் வேலையை ஜகதீசன் தானே செய்வதாகச் சொன்னார். தப்பு தன் கையுடையது; இன்னொருவர் வாயால் அது அவளுக்குப் போய்ச் சேரக் கூடாது என்று நினைத்தார். அவளை எதிரே உட்கார வைத்து, பொட்டு வைத்தது, துடைத்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். "நான்னாவாலதான் போச்சி கண்ணு" என்று முடித்தார். ஸ்கூல் சேர்க்க எடுத்த படம் இருக்கிறதே, அதைக் கொடுக்கலாமே என்று காஞ்சனா உள்ளேயிருந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். சுபாஸ்ரீ வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அழவில்லை. தன் ஒன்பது வயதுக்குப் பொருந்தாத நிதானத்தோடு ஒரு கேள்வி கேட்டாள்.

"மரி நேனு வச்சினட்டு எவரிகி தெலுசு?"

அப்படியென்றால் நான் வந்தது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும் என்றார் ஜகதீசன். அவள் சரி என்றாள். பெற்ற பிள்ளைக்கு ஊரே சாட்சி. ஆஸ்பத்திரி சாட்சி, தொட்டில் சாட்சி, ஜாடை சாட்சி. இவளுக்கு வெங்கட்டின் கேமரா ஒன்றுதான் இருந்தது, அதையும் கெரசின் போட்டுத் துடைத்துவிட்டோமே என்று அவர் பல நாள் சோறு இறங்காமல் கிடந்தார். ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை செய்யும் இராமச்சந்திரன், "போட்டோதானே ஜகதீசா, இன்னொண்ணு எடுத்துக்கயேன்" என்றான். அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். ஜகதீசனுக்கு அவனை அடிக்கலாம் போல வந்தது.

அந்த வருஷம் தீபாவளிக்கு அந்த வீட்டில் மத்தாப்பு மட்டும்தான். சுபாஸ்ரீயும் பட்டாசு வேண்டும் என்று கேட்கவில்லை. வந்த நாளும் வந்தது. காஞ்சனா பாயசம் வைத்தாள். மூவரும் கூடத்தில் உட்கார்ந்து குடித்தார்கள். கம்ப்யூட்டர் மேசை காலியாக இருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, எதிர்வீட்டுக்குச் சுனிலிடமிருந்து போன் வந்தது. எல்லாம் போய்விட்டது, ஆனால் ஒரே ஒரு படம் மட்டும் கொஞ்சம் திறக்கிறது, வந்து பாருங்கள் என்றான். ஜகதீசன் தனியாகத்தான் போவதாக இருந்தார். சுபாஸ்ரீ செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நின்றுவிட்டாள். பிறகு காஞ்சனாவும் புறப்பட்டாள்.

கடையில் மூவரும் நிற்கவே இடம் இல்லை. சுனில் அந்தப் படத்தைத் திறந்தான். "முன்னாடியே சொல்லிடுறேன் அங்கிள், பாதிதான் வருது" என்றான்.

படம் மேலேயிருந்து கீழே இறங்கி வந்தது. முதலில் வாசல் நிலையும் மாவிலைத் தோரணமும். பிறகு காஞ்சனாவின் தலை, நெற்றி, முகம். பக்கத்தில் ஜகதீசனின் முகம். அவர்கள் தோள் வரை வந்து படம் நின்றுவிட்டது. அதற்குக் கீழே, திரையின் அடி வரைக்கும் வெறும் சாம்பல் நிறம்.

ஜகதீசனுக்குப் புரிந்துவிட்டது. குழந்தை அன்றைக்கு அவர் இடுப்பு உயரம்தான் இருந்தாள். அழுத முகம், ஒற்றைச் செருப்பு, நிலைக்கட்டையைப் பிடித்த கை எல்லாமே அந்தச் சாம்பலுக்குள் போய்விட்டது. பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் தப்பித்துக்கொண்டார்கள். இதைக் காட்டவா குழந்தையைக் கூட்டி வந்தோம் என்று இருந்தது.

"மூடிடு சுனில். வேணாம்" என்றார்.

"வத்து" என்றாள் சுபாஸ்ரீ. மூடாதே என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, திரைக்குக் கிட்டத்தில் போனாள்.

இத்தனை வருஷமும் அந்தப் படங்களில் அவள் தன்னை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். தன் முகம், தன் கை, தன் செருப்பு. படத்தின் மேல்பாதியில் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததே கிடையாது. இப்போது பார்ப்பதற்கு அதுதான் இருந்தது. காஞ்சனா கீழே குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் ஆசையும் பயமும் சரிபாதி. ஜகதீசன் மீசைக்குக் கீழே வாய் கோணிப் போயிருந்தது. கன்னத்தில் ஒரு கோடு ஈரமாக மின்னியது.

"நான்னா, நுவ்வு ஏடுஸ்துன்னாவு" என்றாள். அப்பா, நீ அழுகிறாய்.

"அது வேர்வை" என்றார் ஜகதீசன்.

"நவம்பர்லயா?" என்று கேட்டாள் காஞ்சனா.

சுபாஸ்ரீ சிரிக்கவில்லை. அம்மாவின் கண்ணிலிருந்து விரலால் ஒரு கோடு இழுத்தாள், அப்பாவின் கண்ணிலிருந்து ஒரு கோடு. இரண்டு கோடும் சாம்பல் நிறத்துக்குள் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன. அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள்.

"நேனு இக்கட உன்னா" என்றாள். நான் இங்கே இருக்கிறேன்.

சுனில் எதையோ தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டான். காஞ்சனா பெண்ணின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு சுபாஸ்ரீ இறங்கி, இதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள் என்று சுனிலிடம் கேட்டாள். கீழே வருகிற சாம்பலை வெட்டிவிட்டுப் போடட்டுமா என்று அவன் கேட்டான். வெட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

குழந்தைகள் தினத்தன்று பெற்றோர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஜகதீசன் சட்டைக்கு இஸ்திரி போட்டு, காஞ்சனாவோடு வகுப்பின் பின்வரிசையில் நின்றார். பலகை நிறையக் குழந்தைகள். தொட்டிலில் ஒன்று, குளிக்கிற தொட்டியில் ஒன்று, மொட்டையடித்து அழுகிற ஒன்று, யார் மடியிலோ தூங்குகிற ஒன்று. எல்லாம் ஒரே மாதிரி உப்பின கன்னமும் மூடின கண்ணுமாக இருந்தன. அவற்றின் நடுவே இரண்டு பெரியவர்களின் முகங்கள், கீழே சாம்பல். ஜகதீசன் மற்ற பெற்றோர்களின் முகங்களைப் பார்த்தார். யாராவது சிரித்துவிட்டால்? குழந்தையே இல்லாத படம் எதற்கு என்று எவனாவது கேட்டுவிட்டால்? வேண்டாம் என்று நேற்றே தடுத்திருக்கலாமே என்று தோன்றியது. காஞ்சனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் குச்சியால் ஒவ்வொரு படமாகத் தொட்டுக் கேட்க ஆரம்பித்தார். இது யார்? குழந்தைகள் திணறினார்கள். ஆளுக்கொரு பெயரைக் கத்தினார்கள், எல்லாம் தப்பு. ஒரு பையன் தன் படத்துக்கே வேறு யாருடைய பெயரையோ சொல்லிவிட்டு அசடு வழிந்தான். அடுத்த படத்துக்கும் இதே கதை, அதற்கடுத்ததற்கும் இதே கதை. படத்தில் எந்தக் குழந்தையும் இன்றைய முகத்தோடு இல்லை.

குச்சி நடுப்படத்துக்கு வந்தது. டீச்சருக்கே ஒரு கணம் தயக்கம். "இதில்" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் வகுப்பு முழுக்க ஒரே குரலாகக் கத்தியது: "சுபாஸ்ரீ!"

ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. தினமும் சாயங்காலம் கேட்டில் வந்து நிற்கிற அந்த அம்மாவையும், காலையில் சைக்கிள் மணி அடித்துக் கொண்டுவந்து விடுகிற அந்த அப்பாவையும் பார்த்த பிறகு, அது யாருடைய படம் என்பதில் அந்தக் குழந்தைகளுக்கு என்ன சந்தேகம் இருக்க முடியும்? சுபாஸ்ரீ பெஞ்சிலிருந்து எழுந்து, பின்வரிசையில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். ஜகதீசன் இந்தத் தடவை வேர்வை என்று சொல்லவில்லை.